உப்புக் குளத்துக் குளோரின் கணக்கு

சிட்னியின் மேற்குப் புறநகரில் நாங்கள் வாங்கிய வீட்டின் கொல்லையில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம். வீட்டைச் சுற்றிக் காட்டியவர், "இது உப்புத் தண்ணீர்க் குளம், குளோரின் தொல்லையே கிடையாது" என்றார். சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வந்தோம்.

முதல் ஜனவரி வந்தது. மூன்று நாள் தொடர்ந்து 40 டிகிரிக்கு மேல் வெயில். சனிக்கிழமை பிள்ளைகளின் நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் காலையிலிருந்து இருட்டும்வரை தண்ணீரிலேயே கிடந்தார்கள். திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்த்தால், ஊர்க் குட்டை மாதிரி தண்ணீர் பச்சையாக நின்றது. சுவரைத் தொட்டால் வழுக்கியது. பம்ப் பக்கத்தில் இருந்த பெட்டியில் மட்டும் எல்லாம் சரி என்று ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

அந்த விளக்குக்கும் குளத்துக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு கோடைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. ஆஸ்திரேலியாவில் வீட்டுக் குளங்களில் மிகப் பெரும்பாலானவை உப்புக் குளங்கள்தான். புதிதாக வீடு வாங்கும் நம் ஆட்கள் பலர் இதே குழப்பத்தோடு என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. உப்பு கிருமியைக் கொல்வதில்லை. கடல் நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதில் மீனும் பாசியும் செழித்து வாழ்கின்றன. நம் குளத்தில் இருப்பது லிட்டருக்கு 3 முதல் 6 கிராம்வரை. எவ்வளவு வேண்டும் என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். எங்கள் வீட்டில் 4 கிராம். கண்ணீரில் இருக்கும் உப்பில் பாதிகூட இல்லை. அவ்வளவு லேசான உப்பு எந்தக் கிருமியையும் ஒன்றும் செய்யாது. கிருமியைக் கொல்வது குளோரின்தான். கடையில் வாங்கி ஊற்றுவதற்குப் பதிலாக இந்தக் குளம் தனக்கான குளோரினைத் தானே காய்ச்சிக்கொள்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

எப்படி என்று பார்க்க வேண்டுமானால், பம்ப் ஓடும்போது செல்லின் பக்கத்தில் குனிந்து பாருங்கள். குழாய் வழியில் பொருத்தியிருக்கும், குளோரின் காய்ச்சும் பாகத்தைத்தான் செல் என்பார்கள். பல மாடல்களில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூடு இருக்கும். உள்ளே மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக நிற்கும். அவற்றின் இடையே பால் கலந்தது போல வெண்மையாக நுரை கிளம்பிக்கொண்டிருக்கும். அது ஹைட்ரஜன் வாயுவின் பொடிக் குமிழிகள். பள்ளியில் படித்த மின்னாற்பகுப்பேதான்: உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்கிறது, ஒரு தகட்டில் குளோரின் பிரிகிறது, எதிர்த் தகட்டில் ஹைட்ரஜன் பிரிகிறது. குளோரின் உடனே தண்ணீரில் கரைந்து ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது. கிருமியையும் பாசியையும் அழிப்பது இதுதான். வேலை முடிந்ததும், வெயிலில் சிதைந்ததும், அதிலிருந்த குளோரின் மறுபடி குளோரைடாக, அதாவது உப்பின் பாதியாக, தண்ணீருக்கே திரும்பிவிடுகிறது. பிறகு மறுபடி செல்லுக்குள் போகிறது, மறுபடி குளோரினாகிறது.

அதனால் உப்பு தீர்ந்துபோவதில்லை. "போன மாதம்தானே இரண்டு மூட்டை கொட்டினோம், ஏன் குறைந்தது?" என்று கேட்டால் பதில் எளிது. தண்ணீர் வெளியே போனால்தான் உப்பும் போகும்: ஃபில்டரை பேக்வாஷ் செய்யும்போது (தண்ணீரைப் பின்னோக்கி விட்டு அழுக்கை வெளியே தள்ளுவது), பிள்ளைகள் குதித்துத் தெறிக்கும்போது, பெருமழையில் குளம் வழியும்போது, எங்கேயாவது கசியும்போது. வெயிலில் ஆவியாவது வெறும் தண்ணீர்தான். உப்பு குளத்திலேயே தங்கும். மழையும் இல்லாமல், பேக்வாஷும் செய்யாமல் உப்பு இறங்கிக்கொண்டே போனால் குழாயிலோ குளத்திலோ ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். செல்லுக்கு வயதானாலும் சில இயந்திரங்கள் உப்பு குறைவு என்று தவறாகக் காட்டும். அதனால் மூட்டையைப் பிரிப்பதற்கு முன்னால் உப்பைத் தனியாக அளந்துவிடுங்கள். கூடுதலாகப் போட்ட உப்பை எடுக்கத் தண்ணீரை இறைத்துக் கொட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். இந்த விஷயத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பயப்பட வேண்டாம், ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

குளோரினை பிபிஎம் என்ற அளவில் சொல்வார்கள். 1 பிபிஎம் என்றால் 1,000 லிட்டர் தண்ணீரில் 1 கிராம். எங்கள் குளத்தின் சராசரி ஆழம் ஒன்றேகால் மீட்டர்; 8 × 4 × 1.25 என்று பெருக்கினால் 40 கன மீட்டர், அதாவது 40,000 லிட்டர். ஆக, எங்கள் குளத்தில் 1 பிபிஎம் என்பது 40 கிராம் குளோரின். உங்கள் குளத்துக்கும் இந்த ஒரு எண்ணைக் கண்டுபிடித்துப் பம்ப் அறைக் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்தே வரும். உப்புக்கும் இதே கணக்குதான்: 3,000 பிபிஎம்மிலிருந்து 4,000க்கு ஏற்ற 40 கிலோ, 20 கிலோ மூட்டையில் இரண்டு.

செல்லின் மேல் மணிக்கு எத்தனை கிராம் குளோரின் தரும் என்று அச்சிட்டிருப்பார்கள். எங்களுடையது 25 கிராம். பம்ப் 8 மணி நேரம் ஓடி, பெட்டியில் 100 சதவீதம் என்று வைத்தால் 200 கிராம், அதாவது 5 பிபிஎம். 50 என்று வைத்தால் பாதி, 2.5 பிபிஎம். இங்கே கவனியுங்கள்: பெட்டியில் தெரியும் 50 என்ற எண் குளத்தில் எவ்வளவு குளோரின் இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. பம்ப் ஓடும் நேரத்தில் செல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. வீட்டுக் குளத்தில் இருக்கும் பெரும்பாலான பெட்டிகளுக்குத் தண்ணீரில் குளோரின் எவ்வளவு என்று அளக்கவே தெரியாது. விளக்கு எரிந்தும் எங்கள் குளம் பச்சையானது இதனால்தான்.

வரவு புரிந்துவிட்டது, செலவு என்ன? மொட்டை வெயிலில், பாதுகாப்பு ஒன்றும் இல்லாத தண்ணீரில், ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரின் காணாமல் போய்விடும். புற ஊதாக் கதிர் அதைச் சிதைத்துவிடுகிறது. வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் ஸ்டெபிலைசர் போட்ட குளத்திலும் நல்ல கோடை நாளில் 2 முதல் 4 பிபிஎம் வரை போகும். வரவு 2.5, செலவு 3. ஒரு நாளில் தெரியாது. தொடக்கத்தில் 2 பிபிஎம் இருந்தால் நான்காம் நாள் கையிருப்பு பூஜ்யம். இதோடு பன்னிரண்டு பிள்ளைகளின் வியர்வை, சன்ஸ்கிரீன், இன்ன பிற எல்லாம் சேர்ந்தால் அந்தத் திங்கட்கிழமைக் காலைதான்.

எவ்வளவு கையிருப்பு இருக்க வேண்டும்? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, ஃப்ரீ குளோரின் (இன்னும் வீரியம் இழக்காமல் தயாராக இருக்கும் குளோரின்) 1 பிபிஎம்முக்குக் குறையக் கூடாது, ஸ்டெபிலைசர் இருக்கும் குளத்தில் 2க்குக் குறையக் கூடாது என்கிறது. இது கீழ்க்கோடு. வீட்டில் அந்தக் கோட்டிலேயே நடக்கப் பார்க்காதீர்கள். நான் கோடையில் 3 முதல் 5 வரை வைத்திருக்கிறேன். ஏன் 3 என்பதற்கு ஸ்டெபிலைசரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஸ்டெபிலைசர் என்று கடையில் விற்பது சயனூரிக் அமிலம். குளோரினுக்குக் குடை பிடிப்பது இதன் வேலை. குளோரினைப் பிடித்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடும். குடை இல்லாவிட்டால் செல் இரவும் பகலும் உழைத்தாலும் வெயில் தின்றுவிடும். குடை மிகப் பெரிதானால் குளோரின் அதன் அடியிலேயே கிடக்கும். அளந்தால் எண் நன்றாக இருக்கும், பாசியோ தன் பாட்டுக்கு வளரும். பொதுவாக 30 முதல் 50 பிபிஎம் என்பார்கள். உப்புக் குளத்துக்கு 60 முதல் 80 வரை வைக்கச் சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. வீட்டுக் குளம் பார்ப்பவர்கள் கைக்கணக்காக வைத்திருப்பது, ஸ்டெபிலைசரில் இருபதில் ஒரு பங்கு ஃப்ரீ குளோரின் இருக்க வேண்டும் என்பது. எங்கள் குளத்தில் ஸ்டெபிலைசர் 60, அதில் இருபதில் ஒன்று 3. அதுதான் என்னுடைய கீழ்க்கோடு.

மிதக்கும் டப்பாவில் போடும் குளோரின் மாத்திரைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவற்றில் பெரும்பாலானவற்றில் ஸ்டெபிலைசரும் சேர்ந்தே இருக்கிறது. செல் பழுதான காலத்தில் மாதக்கணக்கில் மாத்திரை போட்டவர்களின் குளத்தில் அது 150ஐத் தாண்டி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அது ஆவியாகாது, எளிதில் சிதையாது. தண்ணீரை இறைத்துப் புதுத் தண்ணீர் விட்டால்தான் இறங்கும்.

அடுத்தது பி.எச்., அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண். உப்புக் குளத்தில் இது எப்போதும் ஏறு முகம்தான். செல்லில் கிளம்பும் அந்தப் பால் நுரை தண்ணீரைக் கலக்கிக் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. அது போகப் போக பி.எச். மேலே போகும். 7.2க்கும் 7.8க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். 7.5ல் குளோரினில் ஏறக்குறையப் பாதி, கிருமியைக் கொல்லும் வீரியமான வடிவத்தில் இருக்கும். 8க்குப் போனால் கால் பங்குதான். ஸ்டெபிலைசர் உள்ள தண்ணீரில் இந்தச் சரிவு கொஞ்சம் மட்டுப்படும், ஆனால் பி.எச். ஏறினால் செல் தகடுகளில் சுண்ணாம்பு படியும் என்பதில் மாற்றமில்லை. இறக்குவதற்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம். பம்ப் ஓடும்போது, ஆள் யாரும் தண்ணீரில் இல்லாத மாலை வேளையில், ஒரு வாளித் தண்ணீரில் கலந்து மெல்ல ஊற்றுவேன். அரை லிட்டருக்கு மேல் ஒரே தடவையில் ஊற்றுவதில்லை; மறுநாள் அளந்துவிட்டுத்தான் அடுத்தது. நம் ஆட்கள் சொல்வார்களே, ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று. குளத்துக்கு அது அப்படியே பொருந்தும்.

இரண்டு விஷயங்களில் மட்டும் தயவுசெய்து அசட்டையாக இருக்காதீர்கள். வாளியில் முதலில் தண்ணீர், பிறகு அமிலம். ஒருபோதும் அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். அமிலமும் திரவக் குளோரினும் ஒன்றையொன்று தொடவே கூடாது. ஒரே வாளி, ஒரே அளவுக் கோப்பை, ஒரே அலமாரி எதுவும் வேண்டாம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்; நுரையீரலைப் பொசுக்கிவிடும். எங்கள் வீட்டில் அமிலம் கார் ஷெட்டின் ஒரு மூலையில், குளோரின் பம்ப் அறையில், இரண்டும் பூட்டில்.

சரி, எப்படி அளப்பது? மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் நிறச் சோதனை மொத்தக் குளோரினைத்தான் காட்டும். வேலை செய்து களைத்துப்போன குளோரினும் அதில் சேர்ந்துவிடும். டிபிடி மாத்திரைச் சோதனை வாங்குங்கள். முழங்கை ஆழத்தில், சுத்தத் தண்ணீர் பீச்சும் வாயிலிருந்து தள்ளி, குழாயில் 10 மில்லி எடுக்க வேண்டும். மேற்பரப்பில் அள்ளினால் வெயில் தின்ற தண்ணீர் கிடைக்கும். வாயருகே அள்ளினால் செல்லிலிருந்து அப்போதுதான் வந்த தண்ணீர் கிடைக்கும். இரண்டும் பொய் சொல்லும். முதல் மாத்திரையைக் கை படாமல் போட்டு நசுக்கினால் தண்ணீர் ரோஜா நிறமாகும். அந்தச் சிவப்பை அட்டையோடு ஒப்பிட்டால் ஃப்ரீ குளோரின். அதே குழாயில் மூன்றாம் எண் மாத்திரையைப் போட்டால் நிறம் இன்னும் கூடலாம். அது மொத்தக் குளோரின். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கம்பைண்ட் குளோரின், வியர்வையோடும் சிறுநீரோடும் கட்டிப்பிடித்து வீரியம் இழந்தது. "குளோரின் நெடி அடிக்கிறது, கண் எரிகிறது, ஜாஸ்தி போட்டுவிட்டார்கள்" என்று சொல்லும் குளங்களில் பெரும்பாலும் இதுதான் நெடி. அங்கே நல்ல குளோரின் போதவில்லை என்று அர்த்தம்.

இந்தச் சோதனையில் ஒரு குழி இருக்கிறது. நான் விழுந்த குழி. பச்சையான குளத்தைச் சரிசெய்யத் திரவக் குளோரின் ஊற்றிய மறுநாள் அளந்தேன். மாத்திரை போட்டதும் ஒரு கணம் சிவப்பு பளிச்சென்று வந்தது, உடனே மறைந்தது. தண்ணீர் நிறமில்லாமல் நின்றது. குளோரின் இல்லை என்று நினைத்து இன்னொரு கேன் ஊற்றினேன். மறுநாளும் அதே கதை. கடைக்காரரிடம் தண்ணீரைக் கொண்டுபோன பிறகுதான் தெரிந்தது, குளோரின் மிக அதிகமாக இருந்தால் அது சோதனையின் சாயத்தையே வெளுத்துவிடும் என்று. ஒரு கணம் சிவந்து வெளுத்தால் பூஜ்யம் என்று எழுதாதீர்கள். குளத்துத் தண்ணீர் பாதி, பாட்டில் குடிநீர் பாதி கலந்து மறுபடி அளந்து, வந்த எண்ணை இரண்டால் பெருக்குங்கள். அதுவும் வெளுத்தால் இன்னும் நீர்க்கச் செய்து பாருங்கள். அந்த வாரம் முழுக்கப் பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடவில்லை என்பதுதான் ஆறுதல்.

பச்சையாகிவிட்ட குளத்தைச் செல்லால் மீட்க முடியாது. நாள் முழுக்க நூறில் ஓட்டினாலும் அது தருவதைப் பாசி அன்றன்றே தின்றுவிடும். விலை உயர்ந்த செல்தான் தேயும். அந்தத் தகடுகள் டைட்டானியம், மேலே ருத்தேனியம் அல்லது இரிடியம் ஆக்சைடுப் பூச்சு. பூச்சு தேய்ந்தால் செல் முடிந்தது. அதனால் அவசரத்துக்குத் திரவக் குளோரின்தான். இங்கே விற்பது சுமார் 12.5 சதவீதம், ஒரு லிட்டரில் ஏறக்குறைய 125 கிராம், எங்கள் குளத்துக்கு 3 பிபிஎம். சூரியன் இறங்கிய பிறகு ஊற்றி, சுவரைத் தேய்த்து, பம்பை இரவு முழுக்க ஓட விட வேண்டும். தண்ணீர் தெளிந்து, குளோரின் வழக்கமான அளவுக்கு இறங்கும்வரை யாரும் குளிக்கக் கூடாது.

தெளிந்துவிட்டதா, இல்லை கண்ணுக்குத் தெரியாத பாசி இன்னும் இருக்கிறதா என்று அறிய நல்ல வழி ஒன்று உண்டு. இருட்டியதும் செல்லை நிறுத்திவிட்டு அளங்கள். விடியற்காலை, வெயில் படுவதற்கு முன் மறுபடி அளங்கள். இரவில் வெயில் இல்லை, குளிப்பவர் இல்லை. அதனால் குளோரின் கிட்டத்தட்ட அப்படியே இருக்க வேண்டும். 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்திருந்தால் தண்ணீருக்குள் ஏதோ உயிரோடு இருந்து தின்கிறது. இந்த ஓர் இரவுச் சோதனைக்குக் கொடுக்கும் மரியாதையை நான் வேறு எந்தப் பரிசோதனைக்கும் கொடுப்பதில்லை.

செல்லை மாதம் ஒருமுறை பாருங்கள். தகடுகளின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தால் குளோரின் குறையும். கழற்றி, பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு அமிலம் கலந்த கரைசலில் நுரை அடங்கும்வரை ஊற வைத்துக் கழுவினால் போதும். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் பூச்சு போய்விடும். குளிர்காலத்தில் தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே போனால் பல செல்கள் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும், சில நின்றேவிடும். வெயிலும் தணிந்திருப்பதால் செலவும் குறைவு. அப்போது பெட்டியில் இருக்கும் எண்ணைக் கணிசமாக இறக்கிவிடலாம். குளத்தை மூடி வைப்பவர்கள் கட்டாயம் இறக்க வேண்டும், மூடிக்கு அடியில் வெயில் படாமல் குளோரின் ஏறிக்கொண்டே போகும்.

கடைசியாக, நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல். இங்கே பள்ளிக்கு நீண்ட விடுமுறை டிசம்பர், ஜனவரியில்தான். நான்கு வாரம் மதுரைக்குப் போவோம். சரியாக அப்போதுதான் இங்கே கோடை உச்சம், குளத்துக்குச் செலவு அதிகமான மாதம். கிளம்புவதற்கு முந்தின வாரமே ஸ்டெபிலைசரையும் உப்பையும் அளந்து சரிசெய்துவிடுவேன். பம்பைப் பத்து மணி நேரத்துக்குக் கூட்டுவேன். குளோரினை 5 வரை ஏற்றிவிட்டு, பி.எச்.ஐ 7.2க்கு இறக்கிவிட்டுப் போவேன், ஏறுவதற்கு இடம் இருக்கட்டும் என்று.

பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் இருக்கிறார். வாரம் இரண்டு முறை, மேலே மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடையில் சேர்ந்த யூகலிப்டஸ் இலையைக் கொட்டிவிட்டு, மாத்திரை போட்ட சோதனைக் குழாயை நிற அட்டையின் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவார். போன முறை பொங்கலுக்கு முந்தின நாள் வந்த படத்தில் ரோஜா நிறம் வெளிறி 2க்குப் பக்கத்தில் நின்றது. அங்கே வெயில் எப்படி அண்ணா என்று கேட்டேன். "நாலு நாளா எரிக்குது தம்பி" என்றார். 50ல் இருக்கும் எண்ணை 80க்கு ஏற்றி, ஒரு லிட்டர் திரவக் குளோரினும் இன்று மாலை ஊற்றிவிடச் சொன்னேன். அதற்கடுத்த படம் வந்தபோது அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். குழாயில் இருந்த சிவப்பு 4ஐத் தொட்டிருந்தது.